உள்ள ஆள் இருக்கு

எங்க ஆபீஸ்ல என் பேரு கன்ட்ரோல் ரூம். ரூம்னு ஒண்ணும் கிடையாது. கழிவறைக் கதவுக்கும் தண்ணி கேனுக்கும் நடுவுல ஒரு மேசை, ரெண்டு போன், ஒரு ஸ்பீக்கர், அசந்து சாஞ்சா ஆளைக் கீழ தள்ளற ஒரு நாற்காலி. எங்க கம்பெனி பார்த்துக்கற லிஃப்ட் எதுலயாவது யாராவது மாட்டிக்கிட்டு உள்ள இருக்கற மணிப் பொத்தானை அழுத்தினா, அவங்க குரல் என் மேசையிலதான் வந்து விழும். நான் மெக்கானிக்கை அனுப்புவேன். இதுதான் என் வேலை.

எனக்கு அந்தப் பேரை வெச்சது எங்க மெக்கானிக், கயிறு அண்ணன். அவருக்கு அந்தப் பேரை வெச்சது யாருன்னு தெரியாது. லிஃப்டைத் தூக்கற கம்பிக் கயிறோடவே வாழறவருங்கறதாலயும் இருக்கும், ஆளே கயிறு மாதிரி இருக்கறதாலயும் இருக்கும். அவரைப் பத்தித்தான் சொல்ல வந்தேன். ஆத்திரத்தோடதான் சொல்லுவேன். நிதானமாப் பேசும்மான்னு யாரும் எனக்குப் புத்தி சொல்ல வேண்டாம். நிதானமா இருந்த ஒரு மனுஷனை நாலு வருஷம் பக்கத்துலேர்ந்து பார்த்தாச்சு. அதுக்கு ஊரு குடுத்த மரியாதையையும் பார்த்தாச்சு.

அவரு இந்தத் தொழிலுக்கு மெக்கானிக்கா வரல. லிஃப்டுக்கு எதிர்ப்பாரமா தொங்குமே இரும்புக் கட்டிங்க, அதைத் தோள்ல சுமக்கற கூலியாத்தான் வந்தாரு. முதல் நாள் மேல் மாடியில நின்னு லிஃப்ட் ஓடற பள்ளத்தை எட்டிப் பார்த்துட்டு வாந்தி எடுத்தாராம். மேஸ்திரி சிரிச்சாராம். இன்னைக்கு அதே ஆளு லிஃப்ட் பெட்டியோட கூரை மேல காலை நீட்டி உட்கார்ந்து சோத்து டப்பாவைத் திறந்து சாப்பிடுவாரு. "காத்தோட்டமா இருக்கு தங்கச்சி"ன்னுவாரு. பதறாத காரியம் சிதறாதுங்கறதை அவரு வாயால ஒரு நாளைக்கு நாலு தடவையாவது கேட்கலாம். எனக்குக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு.

உள்ள மாட்டினவங்களை எடுக்கறதுல அவருக்குன்னு ஒரு வழக்கம் உண்டு. போன உடனே கதவுக்கு வெளியில தரையில சம்மணம் போட்டு உட்கார்ந்துடுவாரு. கதவு இடுக்குல வாயை வெச்சு, "சாப்பிட்டீங்களா? என்ன சாப்பிட்டீங்க?"ன்னு கேட்பாரு. உள்ள கத்திக்கிட்டு இருக்கறவங்க ஒரு நிமிஷம் யோசிப்பாங்க. யோசிக்கறப்போ மூச்சு தன்னால நிதானத்துக்கு வந்துடும். அதுக்கப்புறம்தான் மேல மோட்டார் ரூமுக்குப் போய் கையால சக்கரத்தைச் சுத்திப் பெட்டியை மாடிக்கு நேரா கொண்டு வந்து, லிஃப்ட் கதவுக்குன்னே இருக்கற முக்கோணச் சாவி போட்டுக் கதவைத் திறப்பாரு. "ஏண்ணே, நேரா மேல போனா என்ன?"ன்னு கேட்டேன். "பெட்டி திடீர்னு அசைஞ்சா உள்ள இருக்கறவங்களுக்குப் பாதி உயிர் போயிடும். யாரு சுத்தறாங்கன்னு முதல்ல தெரியணும் இல்ல?"ன்னாரு.

அவரு உலகத்தையே ரெண்டு வார்த்தையில பிரிச்சு வெச்சிருந்தாரு. அர்ஜென்ட், எமர்ஜென்சி. நாம ரெண்டுக்கும் சேர்த்து அவசரம்னு ஒரே போடாப் போட்டுடறோம். அவரு விட மாட்டாரு. "லிஃப்ட் ஓடல, மாடியில பெரியவங்க இருக்காங்க, சாமான் ஏத்தணும், இதெல்லாம் அர்ஜென்ட். லேட்டாப் போனா திட்டு வாங்கலாம், தொடைச்சுட்டு வந்துடலாம். உள்ள ஆள் இருந்தா எமர்ஜென்சி. லேட்டாப் போனா திட்டறதுக்கு அந்த ஆளு இருக்க மாட்டாங்க." இவ்வளவுதான் அவரு விளக்கம்.

இந்தப் பிரிவினை வீட்டுலயும் நடந்திருக்கு. அண்ணிக்குப் பிரசவ வலி எடுத்தப்போ போன்ல, "இது அர்ஜென்ட்டா, எமர்ஜென்சியா?"ன்னு கேட்டிருக்காரு. அண்ணி தையல் மிஷின்ல உட்கார்ந்து ஊரையே வாயால தைக்கறவங்க. "இன்னொரு தடவை அந்தக் கேள்வியைக் கேட்டீங்கன்னா உங்களுக்குத்தான் எமர்ஜென்சி ஆகும்"னு சொல்லியிருக்காங்க. அன்னைக்கு அவரு போய்ச் சேர்றதுக்குள்ள பொண்ணு பொறந்துடுச்சு. ஏன் லேட்டுன்னா, வழியில ஒரு இடத்துல "உள்ள ஆள் இருக்கு"ன்னு போன் வந்து அங்க போயிட்டாரு. உள்ள இருந்தது ஒரு பெரிய பிறந்தநாள் கேக். உருகிடுமேன்னு ஆள் இருக்குன்னு பொய் சொன்னாங்களாம்.

ஆமா, அதுதான் இந்த ஊரு கத்துக்கிட்ட வித்தை. எங்க முதலாளி ஒவ்வொரு லிஃப்ட்லயும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினாரு. எமர்ஜென்சின்னா உடனே வருவோம், மத்த வேலைக்கு அன்னைக்குள்ள வருவோம்னு அதுல போட்டிருந்துச்சு. நல்ல எண்ணத்துல ஒட்டினதுதான். அதைப் படிச்ச ஜனங்க புரிஞ்சுக்கிட்டது ஒண்ணே ஒண்ணு, எந்த வார்த்தையைச் சொன்னா மெக்கானிக் ஓடி வருவான்ங்கறது. அதுலேர்ந்து லைட் எரியலன்னா உள்ள ஆள் இருக்கு. கதவு கிறீச்சுங்குதுன்னா உள்ள ஆள் இருக்கு. கயிறு அண்ணன் பைக்கை விரட்டிக்கிட்டுப் போய்ப் பார்த்தா, அந்த ஆளு லிஃப்டுக்கு வெளியில நின்னு பல்லைக் காட்டுவான்.

எனக்கு மூக்கு மேல கோபம் வரும். அண்ணனுக்கு வராது. "விடு தங்கச்சி, பாவம், அவங்களுக்கு அந்த ரெண்டு வார்த்தைக்கும் வித்தியாசம் தெரியல. தெரிஞ்சா சொல்ல மாட்டாங்க"ன்னுவாரு. நானும் சரி, ஜனங்களுக்குத் தெரியல போலன்னு இருந்துட்டேன்.

இதுல மகா கெட்டிக்காரரு ஒரு பெரிய குடியிருப்போட செக்ரட்டரி. நாலு கட்டடம், எங்க கம்பெனிக்குப் பெரிய வாடிக்கை. அவரு என்கிட்ட எல்லாம் பேச மாட்டாரு, நேரா முதலாளி கைபேசிக்குத்தான் கூப்பிடுவாரு. அவரு சொன்ன "உள்ள ஆள்" எதுலயும் ஒரு தடவைகூட ஆள் இருந்ததில்ல. ஒரு தடவை அவரு ஆபீஸுக்கு வந்தப்போ நானே நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி கேட்டுட்டேன், "ஏன் சார் இப்படிப் பொய் சொல்றீங்க?"ன்னு. "ஆபத்துக்குப் பாவம் இல்லம்மா"ன்னு சிரிச்சாரு. அவருக்கு ஆபத்து என்னன்னா, அன்னைக்கு லிஃப்ட் கண்ணாடியில கீறல் விழுந்திருந்துச்சு.

இப்ப அந்த நாளுக்கு வரேன்.

காலையில, ஆபீஸ் போறவங்க எல்லாம் கிளம்பி முடிச்ச நேரம். ஸ்பீக்கர்ல மணி அடிச்சுது. ஊருக்குள்ள ஒரு ஆறு மாடிக் கட்டடம், அதுல பக்கத்துப் பக்கத்துல ரெண்டு லிஃப்ட். அதுல ஒண்ணு நின்னு போச்சு. ஒரு பொம்பளைக் குரல், ரொம்ப அடங்கின குரல்.

"அம்மா, லிஃப்ட் நின்னுடுச்சும்மா. நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல இருக்கும்னு நினைக்கறேன். ஒண்ணும் அவசரம் இல்ல. மெதுவாவே வாங்க."

இந்த நாலு வருஷத்துல மெதுவா வாங்கன்னு சொன்ன முதல் ஆளு அவங்கதான். ஆனா அந்தக் குரலுக்குப் பின்னாடி ஒரு சத்தம் கேட்டுச்சு. மூச்சு சல்லடையில சலிச்ச மாதிரி வந்துச்சு.

"ஏம்மா மூச்சு இப்படி இழுக்குது?"ன்னு கேட்டேன்.

"படி ஏறினேன்மா. அதான்."

"படி ஏறினவங்க லிஃப்டுக்குள்ள எப்படிம்மா இருப்பீங்க?"

அப்புறம் விஷயம் ஒவ்வொண்ணா வந்துச்சு. அவங்க அந்தக் கட்டடத்துல மூணு வீட்டுல பாத்திரம் தேய்ச்சு வீடு துடைக்கறவங்க. வேலை செய்யறவங்க லிஃப்ட்ல ஏறக் கூடாதுன்னு அங்க சட்டம். இத்தனை வருஷமும் ஆறு மாடி ஏறித்தான் போயிருக்காங்க. அன்னைக்குக் காலையிலேர்ந்து வீசிங். ஒரு மாடி ஏறினதுமே முடியல. யாரும் பார்க்கலன்னு லிஃப்டுக்குள்ள போயிட்டாங்க. அவங்க வாயில வெச்சு இழுக்கற இன்ஹேலர் மருந்து பையில இருக்கு. பை கேட்ல வாட்ச்மேன் கிட்ட இருக்கு, ஏன்னா வேலைக்காரங்க பையை மேல கொண்டு போகக் கூடாதுங்கறது இன்னொரு சட்டம். வீட்டுச் சாமானை எடுத்துட்டுப் போயிடுவாங்களாம்.

"கத்திப் பாருங்கம்மா, யாராவது வர மாட்டாங்களா?"ன்னு நான் கேட்டேன். "வேண்டாம்மா, கத்தினாத் தெரிஞ்சுடும்"னாங்க. மூச்சுக்குத் தவிக்கற ஒரு பொம்பளை, தான் மூச்சுக்குத் தவிக்கறது வெளியில தெரியக் கூடாதுன்னு பயந்துக்கிட்டு நிக்கறாங்க.

கயிறு அண்ணனைக் கூப்பிட்டேன். வேற ஒரு வேலைக்குப் பாதி வழியில போய்க்கிட்டு இருந்தாரு, எங்க இன்னொரு மெக்கானிக் லீவு. "அண்ணே, எமர்ஜென்சி. நிஜமானது"ன்னேன். "வண்டியைத் திருப்பிட்டேன்"னாரு. ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். தீயணைப்புக்கும் சொன்னேன், அவங்க வண்டி ஊரோட மறு கோடியில வேற ஒரு விபத்துல நின்னுது. கட்டட வாட்ச்மேனைக் கூப்பிட்டு அந்தப் பையை எடுத்துக்கிட்டு மேல ஓடச் சொன்னேன். ஓடினான், பாவம். மூடின கதவுக்கு வெளியில மருந்தை வெச்சுக்கிட்டு நின்னு என்ன பண்ணுவான்? சாவி எங்க மெக்கானிக் பையிலதான் இருக்கு.

அந்த நேரம் பார்த்து முதலாளி கைபேசி அடிச்சுது. அவரு என் மேசைக்கு முன்னாடிதான் நின்னுக்கிட்டு இருந்தாரு. பேசிட்டு என்னைப் பார்த்தாரு. "செக்ரட்டரி. உள்ள ஆள் மாட்டியிருக்கு, மயங்கிக் கிடக்குதாம். அவனை அங்க போகச் சொல்லு."

"சார், இங்க ஒரு அம்மா மூச்சு விட முடியாம இருக்காங்க."

"பேசறாங்க இல்ல? பேசறவங்க அர்ஜென்ட். மயங்கினவங்க எமர்ஜென்சி. நீங்கதானே ரெண்டையும் பிரிச்சுப் பிரிச்சுப் பேசுவீங்க?"

"அந்த ஆளு என்னைக்கு சார் உண்மை சொல்லியிருக்காரு?"

"இன்னைக்குச் சொல்லியிருந்தா? ஒரு உயிர் போனா நீ பொறுப்பேத்துப்பியா?"

"ஏத்துக்கறேன் சார். என் பேரைப் போட்டுக்கோங்க."

அவரு என் பதிலுக்காகக் கேட்கல. கயிறு அண்ணனைத் தானே கூப்பிட்டு, வேலை வேணும்னா செக்ரட்டரி இடத்துக்குப் போன்னு சொல்லிட்டு வெச்சுட்டாரு. அண்ணன் எனக்குப் போன் போட்டாரு. "தங்கச்சி, மயங்கிக் கிடக்கறது நிஜமா?" அவரு குரல்ல பதட்டத்தை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "எனக்குத் தெரியலண்ணே"ன்னேன். எனக்கு நிஜமாவே தெரியல. அந்த ஆளு சொல்றது பொய்யுன்னு மனசு அடிச்சுச் சொல்லுது, ஆனா மயங்கின ஆளு இருந்துட்டா? அந்தப் பொய்யனோட தந்திரமே அதுதானே. நம்பாம இருக்கவும் முடியாது. செக்ரட்டரி இடம் அண்ணனுக்குப் பக்கம். அங்க ஒரு எட்டு பார்த்துட்டு உடனே வந்துடறேன்னு போனாரு.

நான் ஸ்பீக்கரை விடல. அண்ணன் கேட்கறதைத்தான் நானும் கேட்டேன், "என்னம்மா சாப்பிட்டீங்க?"

"ராத்திரி... சோறு."

"காலையில?"

"இல்லம்மா. இனிமேத்தான்... மேல வீட்டுல... டீ குடுப்பாங்க."

"வீட்டுல யாரும்மா இருக்கா?"

"பொண்ணு. அவளும்... வேலைக்குப் போறா." மூச்சு வாங்கினாங்க. "அம்மா, மேல வீட்டுல... லேட்டுன்னு திட்டுவாங்க. கொஞ்சம்... சொல்லிடறீங்களா? லிஃப்ட்னு மட்டும்... சொல்லாதீங்க. படியிலதான் வந்துக்கிட்டு இருக்கேன்னு..."

சொல்றேம்மான்னு சொன்னேன். பேசாதீங்க, உட்கார்ந்துக்கோங்க, முன்னாடி குனிஞ்சுக்கோங்கன்னு சொன்னேன். வாட்ச்மேன் வெளியிலேர்ந்து கதவைத் தட்டிக்கிட்டே இருந்தது கேட்டுச்சு. அதுக்கப்புறம் வார்த்தை வரல, சத்தம் மட்டும் வந்துச்சு. அப்புறம் அதுவும் நிறுத்தி நிறுத்தி வந்துச்சு.

செக்ரட்டரி இடத்துல நடந்ததை அண்ணன் பின்னால சொன்னாரு. லிஃப்ட் கீழ்த்தளத்துலயே நிக்குது. கதவு பாதி திறந்திருக்கு. உள்ள ஒரு ஃப்ரிட்ஜ் மயங்கிக் கிடக்குது. யாரோ வீடு மாத்தறாங்க, சாச்சு ஏத்தியிருக்காங்க, கதவுல சிக்கிக்கிச்சு. "ஆள் எங்க சார்?"னு கேட்டிருக்காரு. "ரொம்ப நேரம் சாச்சு வெச்சா கம்ப்ரஸர் போயிடும்பா. புது ஃப்ரிட்ஜ். அதான் அப்படிச் சொன்னேன்"னு செக்ரட்டரி சொல்லியிருக்காரு. அண்ணன் திரும்பி நடந்திருக்காரு. "வந்தது வந்துட்டே, ரெண்டு நிமிஷ வேலை, முடிச்சுட்டுப் போ"ன்னு செக்ரட்டரி அவரோட பையைப் பிடிச்சு இழுத்திருக்காரு. பை வாரு அறுந்து சாமான் எல்லாம் தரையில கொட்டிடுச்சு. அண்ணன் குனிஞ்சு முக்கோணச் சாவியை மட்டும் பொறுக்கிக்கிட்டு ஓடியிருக்காரு. ஸ்பேனர், டார்ச், சோத்து டப்பா எல்லாம் அங்கயே கிடந்துச்சு.

ஆறு மாடிக் கட்டடத்துக்குப் போனப்போ அவரு கதவுக்கு வெளியில உட்காரல. சாப்பிட்டீங்களான்னு கேட்கல. படியில ஓடி மேல போயி சக்கரத்தைச் சுத்தினாரு. கதவு திறந்த சத்தம் ஸ்பீக்கர்ல எனக்குக் கேட்டுச்சு. அண்ணன் "அம்மா, அம்மா"ன்னதும் கேட்டுச்சு. அந்த அம்மா மூலையில சுருண்டு உட்கார்ந்திருந்தாங்களாம், உதடு நீலம் பாஞ்சு. வாட்ச்மேன் மருந்தை வாயில வெச்சு அழுத்தினான். இழுக்க அவங்களுக்குத் தெம்பு இல்ல.

அண்ணன் அவங்களைத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டுப் பக்கத்து லிஃப்டுக்கு நடந்தாரு. சத்தம் கேட்டு ஒரு வீட்டம்மா வெளியில வந்து நின்னாங்க. "இவளை யாரு லிஃப்ட்ல ஏறச் சொன்னது? நாளைக்கு எல்லாரும் இதையே பண்ணுவாங்க"ன்னாங்க. இதுவும் எனக்கு ஸ்பீக்கர்ல கேட்டுச்சு. கயிறு அண்ணன் நின்னாரு. எப்பவும் பதறாத மனுஷன், குரல் உடைஞ்சு, "கொஞ்சம் வழி விடும்மா, இல்லன்னா உன்னையும் சேர்த்துத் தூக்கிப் போட்டுட்டுப் போவேன்"னாரு. அதுக்கப்புறம் லிஃப்ட் இறங்கற சத்தம்தான்.

அப்பத்தான் வந்து நின்ன ஆம்புலன்ஸ்ல கூடவே போனாரு. மத்தியானம் ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் பண்ணாரு. "போயிட்டாங்க தங்கச்சி"ன்னாரு. "பொண்ணுக்குச் சொல்லி அனுப்பியிருக்கு. அது வர்ற வரைக்கும் நான் இங்கயே இருக்கேன். தனியா விட்டுட்டு வர முடியல." வேற எதுவும் பேசல. நான் சரிண்ணேன்னு சொல்லி வெச்சேன். எனக்கு அழுகை வரல. யாரையாவது அடிக்கணும் போல இருந்துச்சு. முதலாளி அவரு அறைக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டாரு. உள்ள உட்கார்ந்து அவரு மனசாட்சிகிட்ட என்ன சொன்னாருன்னு எனக்குத் தெரியல, தெரிஞ்சுக்கவும் இஷ்டம் இல்ல.

என் போன் அடிச்சுது. செக்ரட்டரி. முதலாளி எடுக்கலன்னு முதல் தடவையா என் நம்பருக்கு வந்திருக்காரு.

"ஏம்மா, எங்க எமர்ஜென்சியைப் பாதியில விட்டுட்டு உங்க ஆளு எங்க போனான்? என்ன பழக்கம் இது?"

நான் கத்தல. கத்தினா வார்த்தை சிதறிடும்னு பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சொன்னேன். "வேற ஒரு லிஃப்ட்ல ஒரு அம்மா வீசிங்ல மாட்டிக்கிட்டு இருந்தாங்க சார். எங்க ஆளு அங்கதான் போய்க்கிட்டு இருந்தாரு. நீங்க ஆள் மயங்கிக் கிடக்குன்னு சொன்னதால உங்க இடத்துக்குத் திருப்பி விட்டோம். அந்த அம்மா செத்துப் போயிட்டாங்க. உங்க ஃப்ரிட்ஜால செத்துப் போயிட்டாங்க."

"அடடா"ன்னாரு. "பாவம்"னாரு. தொண்டையைச் செருமினாரு.

"சரிம்மா, அப்ப எமர்ஜென்சி எல்லாம் ஒண்ணும் இல்ல. ஃப்ரிட்ஜ் இன்னும் உள்ளயேதான் இருக்கு, கொஞ்சம் அர்ஜென்ட், அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள்ள யாரையாவது அனுப்பினாப் போதும்."

தெரிஞ்சிருக்கு. அந்த ஆளுக்கு வித்தியாசம் நல்லாவே தெரிஞ்சிருக்கு.